டிரைவர் பக்கத்துக் கதவு

அகஸ்டினுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே இறங்காது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், யார் என்ன சொன்னார்கள், ஏன் அப்படிச் சொன்னார்கள், சொல்லும்போது கண் எங்கே போனது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். கேமரன் மலையில், ரிங்லெட் டவுனில் முப்பது வருஷமாக வண்டிகளுக்குச் சாயம் அடிக்கிறவர். மேல் சாயத்தை நம்பாமல் அடியில் என்ன இருக்கிறது என்று சுரண்டுவதே பிழைப்பாகிப்போனால் ஆளும் அப்படித்தானே ஆவார்?

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்குச் சோறு இறங்காமல் செய்தவர் நூர்தீன் பாய்.

நூர்தீன் பாய்க்குப் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை. மீன் தலைக் கறிக்குப் பேர் போன கடை. அவருக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எண்ணெய் ஊற்றினால் ஓடும் என்பது மட்டும்தான். கியர் போடுகிற வண்டியை ஓட்டவே வராது. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு பழைய லேண்ட்ரோவர் பிக்கப்பை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கினால் யாருக்குத்தான் மூக்கு வேர்க்காது? பிக்கப் முழுக்க மட்டமான சிவப்புச் சாயம். கண்ணாடி விளிம்பிலும் ரப்பரிலும்கூட அப்பியிருந்தது.

"கம்பெனியில மொதமொதல்ல என்ன கலர் அடிச்சு அனுப்புனான்னு கண்டுபிடிங்கண்ணே. அதே கலர அடிச்சுக் குடுத்துடுங்க. கட வாசல்ல நிறுத்தி வச்சா டூரிஸ்ட்டுங்க படம் எடுப்பாங்கல்ல."

"எங்க வாங்குனீங்க பாய்?"

"ஒரு எடத்துல."

"கிராண்ட் எங்க?" வண்டியின் பேர், நம்பர், நிறம் எல்லாம் எழுதியிருக்கிற பத்திரத்தைத்தான் கேட்டார்.

"அப்புறம் தர்றேன்ணே. மொதல்ல கலரப் பாருங்க. ஒரு எடத்துல மட்டும் பாத்துட்டு விட்றாதீங்க. எல்லா எடத்துலயும் பாத்துச் சொல்லுங்க."

அகஸ்டினுக்குச் சுர்ரென்று ஏறியது. ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பழைய வண்டிக்காரர்கள் மலை ஏறி வந்து, "அகஸ்டின் சொன்னா அதுதான் கலர்" என்று கேட்டுப் போகிறார்கள். பரோட்டா மாவு பிசைகிற பாய் வந்து அவருக்குப் பாடம் எடுக்கிறார்!

உள்ளே போய் மனைவி ரோஸ்மேரியிடம் பொரிந்து தள்ளினார். வழக்கமாக அவள், "உங்களுக்கு வேற வேலயில்ல, எல்லாரையும் சந்தேகப்படுவீங்க" என்று ஒரு வாங்கு வாங்குவாள். அன்றைக்குப் பீன்ஸை நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "கேட்டதச் செஞ்சு குடுத்துட்டுப் போங்களேன்" என்றாள். அப்புறம் யாரும் சொல்லாமலேயே பாய்க்குத் தேத்தண்ணி போட்டாள். அதுவும் ஃபாதர் வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்குகிற பூப்போட்ட கோப்பையில். பாய் கிளம்பும்போது கேட் வரைக்கும் போய் நின்றாள். இரண்டு பேரும் குசுகுசுவென்று என்னவோ பேசினார்கள். பிக்கப்புக்குப் பின்னால் குனிந்திருந்த அகஸ்டின் அதன் பக்கக் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தார்.

சர்க்கரை வியாதியோடு அறுபத்தைந்தைத் தொட்ட பாய்மேல் வேண்டாத சந்தேகம் வருகிற அளவுக்கு அவருக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஆனால் என்னவோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் இதற்கும் ஏதோ முடிச்சு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்மேரியின் அண்ணன் மகள் சோஃபியாவுக்கு நிச்சயம் பேச ஈப்போவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அந்த அண்ணன் பேரை இந்த வீட்டில் எடுத்து நாலு வருஷம் ஆகிறது. அவர் பேர் சவரிமுத்து. கம்பிப்பாலம் எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவர்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் தன் பழைய வண்டிகளை லேலாங் விட்டபோது சவரிமுத்து ஒரு லேண்ட்ரோவர் பிக்கப்பை ஏலத்தில் எடுத்தார். அதே வாரம், ஏலத்துக்கு வராமல் ஸ்டோரில் நின்ற இன்னொரு பிக்கப் காணாமல் போனது. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. எஸ்டேட் வண்டி என்றாலே வெண்ணெய் நிறச் சாயம்தான். வித்தியாசம் கிராண்டில் மட்டும் இருந்தது: ஏலம் போன வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது சாம்பல் நிறம், காணாமல் போனது பச்சை. சவரிமுத்து வீட்டில் நிற்பது ஏலத்தில் எடுத்த வண்டிதானா, இல்லை நம்பர் பலகையை மாற்றி மாட்டிய திருட்டு வண்டியா என்று மானேஜருக்குச் சந்தேகம். சேஸிஸ் நம்பரைத் துரு தின்றிருந்தது. எஞ்சினும் எப்போதோ மாற்றியது. மிச்சம் இருந்த ஒரே சாட்சி சாயம். சாயம் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்?

அகஸ்டின் போனார். சுரண்டினார். பச்சை என்றார்.

அந்த ஒரு சொல்லில் வண்டியை எஸ்டேட் இழுத்துக்கொண்டு போனது. ரிட்டயர் ஆக ஒரே வருஷம் இருந்த சவரிமுத்துவை, போலீசுக்குப் போகாமல் விடுகிறோமே, அதுவே பெரிசு என்று வேலையிலிருந்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் எஸ்டேட் வண்டிகளுக்குச் சாயம் அடிக்கிற வேலையெல்லாம் அகஸ்டினுக்கே வந்தது. கோயிலில் மச்சானைப் பார்த்தால் அகஸ்டின் அடுத்த வரிசைக்கு மாறி உட்காருவார். திருடனோடு என்ன பேச்சு?

சவரிமுத்துவும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தங்கச்சியிடம் மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "உன் புருசனுக்கு உண்மை தெரியும். அவனயே கேளு." திருடிய மனுஷனுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள் என்று அகஸ்டின் குதித்தார்.

இப்போது அந்தப் பேச்சு ஈப்போ வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஞானப்பிரகாசம் பழைய ஜீப்புகளை வாங்கிப் புதுப்பித்து விற்கிறவர், அகஸ்டினின் கண்ணைச் சாமி மாதிரி நம்புகிறவர். "பிக்கப் திருடுன வீடாமே? அகஸ்டினே சொன்னாராமே? ஞாயித்துக்கெழம வந்து நேராக் கேப்பேன். சரியான பதில் இல்லன்னா எழுந்து போயிருவோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சோஃபியா ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று ரோஸ்மேரி போன வாரம் சொல்லி அழுதாள். அகஸ்டினும் அவளைத் தூக்கி வளர்த்தவர்தான். மாமா, மாமா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு வளர்ந்த பெண். ஆனால் பச்சையைப் பார்த்துவிட்டுச் சாம்பல் என்று சொல்ல முடியுமா?

புதன்கிழமை காலையில், மூடுபனி இன்னும் சாலையைவிட்டு விலகாத நேரத்தில், அவர் வேலையைத் தொடங்கினார். பழைய சாயம் பார்ப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை உண்டு. நனைத்த உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவார். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளியே வரும், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி. நடுவில் வெறும் அலுமினியம் தெரிகிறவரை தேய்ப்பார். முடிந்ததும் அந்த அலுமினியத்தில் ஊசியால் சின்னதாக ஒரு சிலுவை கீறிவிட்டுத்தான் பட்டி வைத்து மூடுவார். நாம் பார்த்த வண்டி என்பதற்கு அடையாளம், ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வேண்டுதலும்.

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். கதவு தொங்கிப்போயிருந்தது, சாத்தும்போது தூக்கிப் பிடித்தால்தான் பூட்டில் விழுந்தது. பழைய இரும்புக் கடை முதலாளி எவனோ குட்டிச்சுவராக்கி வைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, கைப்பிடிக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், எப்போதும் பார்க்கிற இடத்தில் தேய்த்தார். சிவப்பு போனது. அடியில் நீலமோ வெள்ளையோ வரும் என்று பார்த்தால் பட்டி வந்தது. யாரோ ஏற்கெனவே நோண்டிய இடம். கத்தி முனையால் பட்டியைப் பெயர்த்தார்.

வட்டம். ஐம்பது காசு அளவு. சுற்றிலும் நீலம், அதற்குள் வெண்ணெய் நிறம், அதற்குள் பச்சை. நடுவில், அலுமினியத்தில், சின்னதாக ஒரு சிலுவை.

அந்த நீலம் சவரிமுத்து வீட்டிலேயே பிரஷ்ஷால் அடித்த நீலம். அதை அகஸ்டின் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டார். கூடப்பிறந்தவளின் புருஷன் டவுனில் சாயக் கடை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, ஏலத்தில் எடுத்த வண்டிக்குச் சாயம் அடிக்க அவனிடம் வராமல், வீட்டு வாசலில் வைத்துத் தானே பிரஷ்ஷால் பூசிக்கொண்டார் மனுஷன். ஏன்? எதை மறைக்க? அன்றைக்கு மானேஜர் கூப்பிடுவதற்கு முன்பே அகஸ்டினின் மனசில் அந்த முள் ஏறியிருந்தது.

அதே வண்டி. எஸ்டேட் பறித்துக்கொண்டு போன வண்டி. அது சுற்றிச் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, நூர்தீன் பாய் கையால், ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் முன்னால், தன் வாசலிலேயே வந்து நிற்கிறது! தற்செயலாம்! யார் காதில் பூச் சுற்றுகிறார்கள்?

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரே மிதியில் தானா ராத்தா போனார். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம். பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"அது சவரிமுத்து வண்டிதான பாய்?"

பாய் பதறவில்லை. அதுதான் அகஸ்டினுக்கு இன்னும் எரிச்சல். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். "எஸ்டேட் அத இரும்புக் கடைக்குப் போட்டுச்சு. நான் அங்கதான் எடுத்தேன். இந்தாங்க, அவரு லேலாங்ல எடுத்தப்பக் கெடச்ச கிராண்ட். அவரு வீட்லதான் இருந்துச்சு."

நிறம் என்ற இடத்தில் 'கெலாபு' என்று மலாயில் அடித்திருந்தது. சாம்பல்.

அகஸ்டின் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"ஓ, அப்படியா சங்கதி! நான் என் கையால சாம்பல் அடிச்சுக் குடுத்துட்டா திருட்டு வண்டிக்கு ஞானஸ்நானம் குடுத்த மாதிரி ஆயிடும். ஞாயித்துக்கெழம ஞானப்பிரகாசம் வந்து பாப்பாரு. சாம்பல் வண்டி, சாம்பல் கிராண்ட், அகஸ்டின் அடிச்ச சாயம். எல்லாம் சுத்தம்! இந்த யோசனைய யாரு குடுத்தா? என் வீட்டுக்காரியா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சிதான் வாங்கச் சொல்லுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் சாம்பல் அடிங்கன்னு சொன்னேனாண்ணே? என்ன கலர் இருக்கோ அத அடிங்கன்னுதான சொன்னேன்? பச்சைன்னா பச்சையே அடிங்க. கட வாசல்ல பச்சையாவே நிக்கட்டும். ஊரே பாக்கட்டும்."

அகஸ்டினுக்குக் கோபம் இரட்டிப்பானது. செய்கிறேன் பார் என்று கிளம்பினார். ஒரு இடம் என்ன, பத்து இடத்தில் பார்க்கிறேன். பத்து இடத்திலும் பச்சையைப் படம் எடுத்து, பாய்க்கும், வீட்டில் இருக்கிறவளுக்கும், ஈப்போவுக்கும் அனுப்புகிறேன். நாலு வருஷமாகப் புகைந்துகொண்டிருப்பது இன்றோடு அணையட்டும்.

வந்த வேகத்தில் பின்பக்க விளக்கைக் கழற்ற உட்கார்ந்தார். சாயம் அடிக்கிற எவனும் விளக்கைக் கழற்றி அதற்கு அடியில் அடிக்க மாட்டான். சுற்றி அடித்துவிட்டுப் போய்விடுவான். அதனால் கம்பெனிச் சாயம் அப்படியே உயிரோடு இருக்கிற இடம் அதுதான். ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒருவழியாகத் திருகினார். விளக்கு கையோடு வந்தது. போனை எடுத்துப் படம் எடுக்கக் குனிந்தார்.

விளக்கின் அடி பதிந்திருந்த வட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அடிப்பூச்சுப் பிரைமராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பிரைமரும் சாம்பல்தானே. துணியில் தின்னரை நனைத்துத் துடைத்தார். பிரைமர் என்றால் மங்கும், துணியில் ஒட்டும். இது மங்கவில்லை. துடைக்கத் துடைக்கப் பளபளத்தது. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

மற்ற விளக்கையும் கழற்றினார். சாம்பல். உள்ளே போய், மீட்டர் பலகையின் ஸ்க்ரூக்களை எடுத்து, பலகையை இழுத்து, டார்ச் அடித்தார். வெயில் படாத, தூசி படாத, எந்தப் பிரஷ்ஷும் போகாத இடம். அங்கே ஒரு கீறல்கூட இல்லாத சாம்பல். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது; கேமரன் மலைக் குளிரில்! பானட்டைத் தேய்த்தார்: சிவப்பு, நீலம், வெண்ணெய், சாம்பல். இடப்பக்கக் கதவைத் தேய்த்தார்: சிவப்பு, நீலம், வெண்ணெய், சாம்பல். பின் தொட்டி: சாம்பல்.

டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் பச்சை.

எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்தார். சாத்தினார். விழவில்லை. தூக்கிச் சாத்தினார், விழுந்தது. மறுபடி திறந்து, மறுபடி தூக்கிச் சாத்தினார். அப்போதுதான் அவருடைய கைக்கு ஞாபகம் வந்தது. ஆமாம், மனசுக்கு முன்னால் கைக்குத்தான் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், மானேஜர் பக்கத்தில் நிற்க, இதே கதவைத் தூக்கித்தான் சாத்தினார். இந்த வண்டியோடு பிறந்த கதவாக இருந்தால் ஏன் தூக்க வேண்டும்?

கம்பிப்பாலம் எஸ்டேட்டில் கொழுந்து குவிகிற மாசங்களில் பிக்கப்புகளுக்குக் கதவே இருக்காது. நிறுவைக்கு நிறுவை இறங்கி ஏற வேண்டியதால், டிரைவர்களே ஸ்பானரை எடுத்து நட்டுகளைக் கழற்றி, கதவுகளை ஸ்டோரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். மழைக்காலம் வந்தால் கைக்குக் கிடைத்த கதவை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். எது எந்த வண்டியுடையது என்று எவன் பார்த்தான்? எல்லாம் ஒரே வெண்ணெய் நிறம். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த சங்கதி இது. அகஸ்டினுக்குத் தெரியாதா? இருபது வயசில் ரெண்டு வருஷம் அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே வேலை பார்த்தவர், தன் கையாலேயே எத்தனை கதவு கழற்றியிருப்பார்!

தெரியும். ஆனால் அன்றைக்கு நினைப்பு வரவில்லை. பச்சையைக் கண்ட மாத்திரத்தில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி, என்னிடம் வராமல் பிரஷ்ஷால் அடித்தது இதற்குத்தான் என்று மனசு குதித்தது. அதற்கப்புறம் இன்னொரு இடத்தை எவன் பார்ப்பான்? முப்பது வருஷத் தொழிலில், கதவை மட்டும் பார்த்துக் கலர் சொல்லாதே, கதவு மாறும் என்று அவரே எத்தனை பேரை ஏசியிருக்கிறார். மச்சான் வண்டி என்றதும் ஒரு கதவு போதும் என்று ஆகிவிட்டது.

அகஸ்டின் சாய டின் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். ஒரு மனுஷனின் இருபத்தெட்டு வருஷ வேலையை ஐம்பது காசு அளவு வட்டத்தை வைத்துப் பிடுங்கியிருக்கிறோம். ரோஸ்மேரி வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. கழற்றிப் போட்ட விளக்குகளையும் தேய்த்த வட்டங்களையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சாம்பல்" என்றார் அவர். "கதவு மட்டும் வேற வண்டிது. ரோஸு, நான் பாவி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அப்புறம் கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும் சாயத்தப் பத்தி? அண்ணன் திருடாதுன்னு மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் பொய் சொல்ல வராதுன்னு தெரியும். ரெண்டும் எப்படி நெசமா இருக்கும்னு நாலு வருஷமா மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டேன். வண்டி மறுபடி உங்க கைக்கு வந்தா எங்கயாச்சும் தெரியும்னு தோணுச்சு. நான் குடுத்தா தொட்டிருப்பீங்களா?"

"ஏன் அன்னிக்கு என்கிட்ட சாயம் அடிக்க வரல உங்கண்ணன்?"

"உங்ககிட்ட வந்தா நீங்க காசு வாங்க மாட்டீங்களாம். மச்சான் ஓசியில வேல வாங்குறான்னு ஊரு பேசுமாம். இதுக்குப்போயி..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமக்குள்ள சாயம் காயுமா? அதச் சொல்லுங்க."

இந்த ஊர் ஈரத்தில் ஒரு பூச்சு காய ரெண்டு நாள் கேட்கும். அகஸ்டின் வைத்திருந்த சூட்டு விளக்குகள் எல்லாவற்றையும் வண்டியைச் சுற்றி நிறுத்தினார். மீட்டர் பலகைக்கு அடியில் இருந்த சாம்பலைப் பார்த்துப் பார்த்துக் கலந்தார். முதல் கலவையில் நீலம் ஏறியது, கொட்டினார். ரெண்டாவதும் சரியில்லை. மூன்றாவதைப் பலகைக்கு அடியில் ஒரு பொட்டு வைத்து, எது கம்பெனிப் பொட்டு, எது தன் பொட்டு என்று தனக்கே தெரியாமல் போன பிறகுதான் சாயம் அடிக்கிற துப்பாக்கியைக் கையில் எடுத்தார். வண்டி முழுக்க அடித்தார். டிரைவர் பக்கத்துக் கதவை மட்டும் அடிக்கவில்லை. அதில் இருந்த சிவப்பையும் நீலத்தையும் வெண்ணெயையும் கழித்துவிட்டு, பச்சையோடு அப்படியே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பதினோரு மணிக்கு, ரோஸ்மேரியை ஏற்றிக்கொண்டு சவரிமுத்துவின் வீட்டுக்குப் பிக்கப்பை ஓட்டினார். அணைக்குப் பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பில் சின்னப் பலகை வீடு. வாசலில் ஈப்போ நம்பர் போட்ட ரெண்டு கார்கள் நின்றன. அவர்கள் வந்துவிட்டார்கள். ஞானப்பிரகாசம் மட்டும் வருஷத்துக்கு ஏழெட்டு வண்டி அனுப்புகிறவர். இந்தக் கண்ணை நம்பித்தான் அனுப்புகிறார்.

எஞ்சின் சத்தம் கேட்டு சவரிமுத்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, முழுக்கை. ஆள் பாதியாகியிருந்தார். வண்டியைப் பார்த்தார். சாம்பல் நிறத்தின்மேல் கண் ஓடியது, பச்சைக் கதவில் வந்து நின்றது. அகஸ்டின் இறங்கினார்.

"கதவு உங்களோடது இல்ல மச்சான். மத்ததெல்லாம் உங்களோடது. நான் கதவ மட்டும் பாத்துட்டுச் சொல்லிட்டேன்."

சவரிமுத்து அவர் முகத்தையே பார்த்தார்.

"தெரியாமயா சொன்னே?"

"மச்சான்..."

"நெசமா தெரியாமயா சொன்னே மாப்பிள்ள?" பச்சைக் கதவைத் தட்டிக் காட்டினார். "நீ கழட்டி மாட்டுன கதவுங்க. உனக்குத் தெரியாம இருக்குமான்னுதான் நான் வாயே தொறக்கல. நான் சொன்னா திருடன் சொல்றதுன்னு ஆயிருக்கும். நீ சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே நின்னேன். நீ சொல்லல. அடுத்த மாசமே எஸ்டேட் வேலயெல்லாம் உனக்கு வந்துச்சு. என் தங்கச்சி புருசன் என்னைய வித்துட்டான்னுதான் நாலு வருசமா நெனச்சிட்டிருந்தேன்."

அகஸ்டின் மச்சானைத் திருடன் என்று நினைத்த நாலு வருஷமும் மச்சான் அவரை அதைவிடக் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தெரியாமத்தான் மச்சான். ஆண்டவர்மேல ஆணையா, தெரியாமத்தான்."

இதற்குள் உள்ளே இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் ஞானப்பிரகாசம், கையில் குடிக்காத தேத்தண்ணிக் கோப்பையோடு. பின்னால் கதவோரத்தில் பட்டுச் சேலையில் சோஃபியா, அழுது சிவந்த கண்ணோடு.

"என்ன அகஸ்டின், வண்டியெல்லாம் பிரமாதமா அடிச்சிட்டு ஒரு கதவ மறந்துட்டீங்க?" என்றார் ஞானப்பிரகாசம்.

"மறக்கல. நீங்க கேக்கணும்னுதான் விட்டு வச்சேன்."

அகஸ்டின் சொன்னார். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னார். எந்த இடத்தில் பார்த்தார், எந்த இடங்களில் பார்க்கவில்லை, எஸ்டேட்டில் கதவு எப்படி மாறும், அது தனக்குத் தெரிந்திருந்தும் ஏன் நினைப்பு வரவில்லை, எல்லாவற்றையும். விளக்குக்கு அடியில் விரல் வைத்துக் காட்டினார். கிராண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். "இந்த வீட்ல யாரும் எதையும் திருடல. தப்பு பண்ணுனவன் நான் ஒருத்தன்தான். நாளைக்குக் காலையில மானேஜரப் பாத்து இதயேதான் சொல்லப் போறேன்."

ஞானப்பிரகாசம் கிராண்டையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தன வருசமா உங்ககிட்ட அனுப்புன வண்டிங்க?"

"ஒண்ணு விடாமத் திருப்பிக் கொண்டாங்க. எல்லாத்தையும் மறுபடி பாக்கறேன்."

"அது சரி" என்றார் அவர். இனி அனுப்புவாரா மாட்டாரா என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் சவரிமுத்து பக்கம் திரும்பி, "சம்பந்தி, உள்ள போலாம் வாங்க, மிச்சத்தப் பேசி முடிச்சிரலாம்" என்றார். சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் கதவோரத்தில் சோஃபியா முகத்தை மூடிக்கொண்டாள். ரோஸ்மேரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாரும் உள்ளே போன பிறகும் சவரிமுத்து போகவில்லை. அகஸ்டின் பதற்றத்தில் திறந்தபடியே விட்டிருந்த பச்சைக் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அகஸ்டின் போய் அதைத் தள்ளினார். விழவில்லை. மறுபடி தள்ளினார். அதைத் தூக்க வேண்டும் என்பதே நினைப்பில் இல்லை.

சவரிமுத்து வந்து அவர் கையை விலக்கிவிட்டு, கதவை அடியில் பிடித்துத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்தினார். பூட்டு விழுந்தது.

"இதக்கூட உனக்கு நான்தான் சாத்திக் காட்டணுமா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, சாப்ட்டுட்டுப் போ" என்றார்.